மூச்சு விடாத தியானம்

ஆபரேஷன் முடிந்து நான் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு, மயிலாப்பூர் மாட வீதியில் என்னைப் பார்க்கிற யாரும் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. "பிரஷரை எப்படி இறக்கினே? எந்தத் தியானம் பண்ணினே?" என்றுதான் கேட்கிறார்கள். கையில் கீரைக்கட்டோடு நின்றுகொண்டு பதில் சொல்கிற கேள்வியா இது? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருக்கும் எனக்கே வாய் வலிக்கிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் எழுதி வைக்கிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வம்பே அதில்தான் ஆரம்பம். வெளியூருக்குப் பேச வேண்டுமென்று கேட்பவர்களுக்கு லைன் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. இப்போது தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது, நாங்கள் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் ஊர் முழுக்க எங்கள் காது வழியாகத்தான் பேசியது. கரகரவென்று இரைகிற லைனில் "திரு..." என்று பாதி வார்த்தை விழுந்தால் போதும், அது திருச்சியா திருநெல்வேலியா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். மீதியை நிரப்பிக்கொள்ளும் இந்தத் திறமையில் எனக்குக் கொள்ளைப் பெருமை. வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நான்தான் முடித்துவைப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முழுசாகச் சொன்ன வாக்கியங்கள் குறைவு.

நோய் வந்தது ஒரு காதுகுத்து விசேஷத்தில். தி.நகரில் நாத்தனார் வீடு. அவள் பேத்திக்குக் காது குத்தினார்கள், நான் அல்வாவை ஒரு பிடி பிடித்தேன். குழந்தை அழுது முடிப்பதற்குள் நான் அழ ஆரம்பித்தேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளி வைத்துத் திருகுகிற மாதிரி ஒரு வலி, அப்படியே முதுகுக்கு ஏறித் தோள்பட்டையில் போய் நின்றது. "வாயுதான்" என்றார்கள் எல்லாரும். சோடா கொடுத்தார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். வயிறு பலசரக்குக் கடை ஆனதுதான் மிச்சம்.

ஸ்கேன் எடுத்ததில் உண்மை வெளியே வந்தது. பித்தப்பையில் கல். பித்தப்பை என்பது ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பை. நாம் தின்கிற நெய்யையும் எண்ணெயையும் செரிக்க வைக்கும் பித்தநீரை அது சேர்த்து வைக்குமாம். சேர்த்து வைத்தது கட்டி தட்டினால் கல். "பையோட எடுத்துடணும்" என்றார் டாக்டர். எடுக்காமல் விட்டால் ஒரு கல் நழுவிக் குழாயை அடைத்துக்கொள்ளும், காமாலை வரும், சீழ் பிடிக்கும், உயிருக்கே உலை வைத்துவிடும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, இப்போது புதுசாக ஒரு முறை வந்திருக்கிறது, வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு உள்ளே குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டே எடுத்துவிடலாம், தழும்புகூடத் தெரியாது என்றார். எனக்குப் பெரிய நிம்மதி.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கேதான் பிரஷர் காலை வாரியது. கையில் பட்டையைச் சுற்றி நர்ஸ் பம்பை அமுக்க ஆரம்பித்தாலே என் நெஞ்சு தடதடவென்று அடிக்கும். பாதரசம் லிஃப்டில் ஏறுகிற மாதிரி ஏறும். நர்ஸ் மறுபடி அமுக்குவாள், அது இன்னும் ஏறும். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்து பார்த்தார். சின்ன வயசு, மெத்தென்ற குரல், பக்கத்தில் நிற்பவர்களுக்கே பாதிதான் கேட்கும்.

"இவ்வளவு பிரஷரோட மயக்கம் குடுத்தா ஆபத்தும்மா. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சுடலாம். மாத்திரை தரேன், வீட்டுக்குப் போய் ரெண்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. மனசையும் கொஞ்சம் அமைதியா வெச்சுக்கணும். ஏதாவது தியானம் கத்துக்குங்களேன்."

"எந்தத் தியானம் டாக்டர்?"

"எதுவா இருந்தா என்ன, உங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு."

தி.நகர் ஜவுளிக்கடையில் போய் "ஏதாவது ஒரு புடவை எடுத்துப் போடுங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கதிதான் ஆயிற்று. எனக்கு வியாதி வந்தது பத்து பேருக்குத்தான் தெரியும். தியானம் வேண்டுமென்பது ஊருக்கே தெரிந்துபோனது.

முதலில் நாத்தனார் வந்தாள். "சரோஜா, மந்திரம்தான் சரி. எங்க தெருவுல பாத்திரக் கடைக்கு மேல சாமியார் ஒருத்தர் சொல்லிக் குடுக்கறார். காதுல ஒரே ஒரு தடவைதான் சொல்வார், கெட்டியாப் பிடிச்சுக்கணும்." என்னைவிடக் காதில் கெட்டிக்காரி யார் என்று நானும் போனேன். கீழே கடையில் அண்டாவை உருட்டுகிறார்கள், மேலே சாமியார் என் இடது காதில் வாயை வைத்துச் சொன்னார். இடது காதில்தான் வருஷக்கணக்காக ஹெட்போன் மாட்டியிருந்தேன். அது ஒயரில் வருவதை எட்டு ஊருக்கு அப்பாலிருந்து பிடிக்கும், நேரில் சொன்னால் கொஞ்சம் மந்தம். எனக்கு "ரிங்" என்றுதான் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சாமி."

"ஒரு தடவைதாம்மா."

பாதி கேட்டால் மீதியை நிரப்பிக்கொள்ள எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து "ரிங்... ரிங்..." என்று ஜபித்தேன். ஒவ்வொரு ரிங்குக்கும் கை தானாக எழுந்து, போர்டில் செருகுகிற பிளக்கைத் தேடியது. கொஞ்ச நேரத்தில் வேலூர்க்காரர் ஒருவருக்கு இன்னும் லைன் கொடுக்கவில்லையே என்று வியர்த்துக் கொட்டியது. தெருமுனை டாக்டரிடம் போய்ப் பிரஷர் பார்த்தால், "ஆபீஸ்லேர்ந்து நேரா வரீங்களா?" என்று கேட்டார்.

அடுத்தது என் மகள் கவிதா. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள், எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பாள். என்னைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போய் மணலில் உட்காரவைத்தாள்.

"அம்மா, மந்திரமெல்லாம் வேணாம். கண்ணை மூடிக்கோ. நினைப்பு வரும், போகும். நீ வேடிக்கை பாரு, அவ்ளோதான். அதுகூடப் பேச்சுக் குடுக்காத."

பேச்சுக் கொடுக்காதே என்று யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். நினைப்பு வருவதும் போவதும் மற்றவர்களுக்கு. எனக்கு ஒவ்வொரு நினைப்பும் ஒரு டிரங்க் கால், எடுத்தே ஆகவேண்டும், சேரவேண்டிய இடத்தில் சேர்த்தே ஆகவேண்டும். சிலிண்டர் புக் பண்ணினோமா என்று ஒன்று வந்தது. ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் கவிதா கல்யாணத்தை யார் பார்ப்பது என்று ஒன்று வந்தது, அது சீக்கிரம் போகவில்லை. அதற்குள் பக்கத்தில் யாரோ மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். எண்ணெய்ப் பண்டம் எனக்குக் கூடாது என்று உத்தரவு. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள், எனக்குக் குரங்கு பஜ்ஜி ரூபத்தில் வந்தது. கண்ணைத் திறந்தபோது கவிதா கையிலும் ஒரு பஜ்ஜி இருந்தது. அதை விளக்கிக்கொண்டிருப்பானேன்.

மூன்றாவதாகக் கீழ் போர்ஷன் மாமி. "சரோஜா, நன்னாக் கேட்டுக்கோ. ஆத்துல குத்துவிளக்கு இருக்கோன்னோ? அதை ஏத்தி வெச்சுண்டு சுடரையே பார்த்துண்டிரு. கண்ணைக் கொட்டப்படாது." பார்த்தேன். கண்ணில் தாரைதாரையாய்த் தண்ணீர். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் கணவர், நான் சாவை நினைத்து அழுகிறேன் என்று முடிவுகட்டி, எதிரில் உட்கார்ந்து அவரும் அழுதார். விளக்கில் எண்ணெய் தீரும்வரை இரண்டு பேரும் அழுதோம். பிரஷர் இறங்கியதோ இல்லையோ, மூக்கு நன்றாகச் சுத்தமானது.

ஆக மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்கென்று ஒரு தியானம் அமையவில்லை. மாத்திரையின் புண்ணியத்தில் பிரஷர் கொஞ்சம் கீழே வந்திருந்தது, மறுபடி அடையாறில் போய்ப் படுத்தேன். இந்தத் தடவையும் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இடையில் இரண்டு தடவை வலி வந்து போயிருந்தது, அதனால் யாரும் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

சேர்ந்த அன்றே மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் வழவழவென்று பசையைத் தடவி, கருவியை ஒரே இடத்தில் வைத்து ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வார்டு என்றால் இரண்டு கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை. பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் மெத்தென்ற குரல், கூட என் கணவரின் "ம்... ம்...". நான் தூங்குவதாக நினைத்திருக்க வேண்டும்.

ஆபரேட்டர் தூங்குவாளா? காதைத் தீட்டினேன். இதுதான் விழுந்தது: "...ஆபரேஷன் முடியற வரைக்கும்... மூச்சு விடாதீங்க... பிரஷர்..."

அவர் இந்தப் பக்கம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"டாக்டரம்மா மூச்சைப் பத்தி ஏதோ சொன்னாங்களே?" என்றேன்.

திடுக்கிட்டார். "உனக்குக் கேட்டுச்சா?"

"என் காதுக்குக் கேக்காம இருக்குமா? ஆபரேஷன் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. அதானே?"

"ஆ... ஆமா." வலது காதைச் சொறிந்தார்.

"விடாம எப்படி இருக்கறது? இழுத்து உள்ள அடக்கி வெச்சுக்கணுமா? யோகாசனக்காரங்க பண்றாப்பல?"

"ஆமா. அடக்கி... வெச்சுக்கணும்."

"அப்போ பிரஷர் இறங்கும்?"

"ம்."

பார்த்தீர்களா, ஒரு வாக்கியமும் அவர் சொல்லவில்லை. எல்லாம் நான் சொன்னதுதான். அவர் காதைச் சொறிந்தால் மனசில் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்குக் கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் டாக்டரே ஒரு தியானத்தைக் கையில் கொடுத்துவிட்டாரே என்ற சந்தோஷம்.

சாயங்காலம் இன்னொரு சேதி சொன்னார். "சரோஜா, அந்தச் சின்ன ஓட்டை ஆபரேஷன் இல்லையாம். திறந்துதான் பண்ணுவாங்களாம். அந்தக் கேமரா மிஷின் ரிப்பேராம்." மறுபடியும் காது. எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் போர்டு பழுதானால் பொழுது சாய்வதற்குள் சரிபண்ணிவிடுவோம், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மெக்கானிக் இல்லையா என்று நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

தியானத்தில் மும்முரமாக இறங்கினேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்வேன், நெஞ்சு முட்ட மூச்சை இழுப்பேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு கந்தசஷ்டி வரிகளை மனசுக்குள் ஓட்டுவேன். காது அடைக்கும், கண்ணில் பொறி பறக்கும். தாங்கவே முடியாதபோது புஸ்ஸென்று விட்டுவிட்டு, டாக்டர் பேச்சை மீறிவிட்டோமே என்ற பயத்தில் உடனே அடுத்த மூச்சை இழுப்பேன். சிரத்தையென்றால் அப்படியொரு சிரத்தை. பிரஷர் பார்க்க வரும்போதெல்லாம், நல்ல பேர் வாங்க வேண்டுமே என்று கூடக் கொஞ்சம் அடக்குவேன். பாதரசம் எங்கேயோ போய் நின்றது. மாத்திரையைக் கூட்டினார்கள். நாளைக்கு என்று வைத்திருந்த ஆபரேஷனை நாளன்றைக்கு என்றார்கள். எனக்கு அழுகையாக வந்தது. இன்னும் நன்றாக அடக்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நாட்களில் அவரும் சரியாக இல்லை. தினமும் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி ரசம் சாதம் கொண்டுவருவார். ஒருநாள் உப்பில்லை. ஒருநாள் கேரியரின் அடி அடுக்கைத் திறந்தால் காலி, துடைத்து மூடி அப்படியே கொண்டுவந்திருக்கிறார். எனக்கு ஸ்பூனால் ஊட்டிவிடுவார், நான் வாயைத் திறந்து காத்திருப்பேன், ஸ்பூன் அந்தரத்தில் நிற்கும். மனுஷர் எங்கேயோ இருப்பார். "ஏங்க, நீங்களும் ஏதாவது தியானம் பண்றீங்களா?" என்று கேலிகூடப் பண்ணினேன்.

குட்டு உடைந்தது ஆயா கன்னியம்மாவால். அன்று காலையில் அவள் தரை துடைக்க வந்தாள், நான் உச்சகட்டத்தில் இருந்தேன்.

"இன்னாமா, மூஞ்சி இப்டி செவந்து கீது?"

நான் பேசினால் மூச்சு போய்விடுமே. கையை ஆட்டி, போ போ என்று சைகை காட்டினேன்.

"இன்னா வோணும்? தண்ணியா? ஐயே, கண்ணு வேற முட்டிக்கினு நிக்குதே!" துடைப்பத்தைப் போட்டுவிட்டு வராந்தாவில் ஓடினாள். "நர்ஸம்மா! டாக்டரம்மா! ஓடியாங்க! இந்தம்மா மூச்சு உடாம குந்திக்கினு கீது!"

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தையல் இழுக்கிறது. மூச்சு இல்லையென்று காதில் விழுந்தால் ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா? ஒரு நர்ஸ் ஊசியோடு ஓடிவந்தாள், இன்னொருத்தி ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு வந்தாள், டாக்டரம்மா ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தார். பின்னால் கேரியரும் கையுமாக என் கணவர். இத்தனை கூட்டத்தைப் பார்த்த அதிர்ச்சியில் நான் புஸ்ஸென்று விட்டேன்.

"என்னம்மா ஆச்சு? என்ன பண்ணிட்டிருந்தீங்க?" டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"தியானம் டாக்டர். நீங்க சொன்னதுதான்."

"நான் சொன்னேனா?"

"ஆமா. ஆபரேஷன் முடியற வரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு இவர்கிட்ட சொன்னீங்களே. திரைக்கு அந்தப் பக்கம்."

டாக்டரம்மா வாயைத் திறந்தார். மூடினார். என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கேரியரைப் பார்த்தார்.

லைனில் இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் பேச்சு நின்றால் ஆபரேட்டருக்குத் தெரியும், அங்கே கெட்ட சேதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் திரைக்கு அந்தப் பக்கத்து வாக்கியம் முழுசாக எனக்குக் கேட்டது. ஆபரேஷன் முடியற வரைக்கும் *அவங்ககிட்ட* மூச்சு விடாதீங்க. பயந்தா பிரஷர் ஏறிடும்.

"என்கிட்ட எதைப் பத்தி மூச்சு விடக்கூடாது?" என்றேன்.

டாக்டரம்மா நர்ஸ்களை வெளியே அனுப்பினார். "சொல்லிடுங்க சார்" என்றார். "இதுக்கு மேல மறைச்சா இவங்க நிஜமாவே மூச்சை நிறுத்திடுவாங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ரெண்டாவது ஸ்கேன்ல... பையோட சுவர் ஒரு பக்கம் தடிச்சிருக்காம். கல்லு உரசி உரசி அப்படி ஆகியிருக்கலாம். இல்லேன்னா வேற..."

"வேற?"

அவரால் முடியவில்லை. அந்த வார்த்தையையும் நான்தான் நிரப்பினேன். "புத்துநோயா?"

"சந்தேகந்தான். எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம். சந்தேகம் இருந்தா திறந்துதான் பண்ணணுமாம்."

"அப்போ மிஷின்?"

"நல்லாத்தான் இருக்கு."

மறைப்பானேன், பயந்துபோனேன். கவிதாவின் முகம் வந்து நின்றது. அதற்கு நடுவிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "டிராயிங் மாஸ்டர்னு பேரு. ஒரு பொய்யை ஒழுங்கா வரையத் தெரியல. மிஷின் ரிப்பேராம்! நான் அந்த நர்ஸ்கிட்ட என்ன பாடு படுத்தினேன் தெரியுமா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கவிதாவுக்குத் தெரியுமா? உங்க அக்காவுக்கு?"

"யார்கிட்டயும் மூச்சு விடல."

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டையில் பொத்தான் மாறி மாட்டியிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து நினைத்தபோதெல்லாம் புஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தேன், இந்த மனுஷர் ஒருத்தர்தான் நிஜமாகவே அடக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போயிருக்கிறார். பாவி மனுஷன்.

"சரி, இப்பவாவது விடுங்க" என்றேன்.

விட்டார். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். இந்தத் தடவை குத்துவிளக்கு இல்லை. டாக்டரம்மா ஒற்றைச் செருப்போடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கன்னியம்மா மட்டும் வாசலில் நின்று, "அப்பாடி, மூச்சு வந்துச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் பிரஷர் கணிசமாக இறங்கியது. மறுநாள் இன்னும் இறங்கியது. கூட்டின மாத்திரையா, அடக்குவதை நிறுத்தியதா, பயம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவைக் கேட்டால், "மூணும்தான், ஆனா தயவுசெஞ்சு இனிமே தியானம் பண்ணாதீங்க" என்றார்.

தியேட்டரில் கூரை முழுக்க விளக்கு. குளிர் எலும்பில் ஏறியது. முகத்தில் ரப்பர் மூடியை வைத்து, "நல்லா மூச்சை இழுத்து விடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

"விடலாமா டாக்டர்?"

முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது வயிற்றில் ஒரு சாண் தையல். இருமினால் வலி, தும்மினால் வலி, சிரித்தால் எல்லாவற்றையும்விட வலி. நாத்தனார் வடபழனி விபூதியோடு வந்து, பாட்டிலில் போட்டுக் கொடுத்த கற்களைக் குலுக்கிப் பார்த்து, "இவ்ளோதானா? இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள். கவிதா விஷயம் தெரிந்து அப்பாவிடம் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை, பிறகு உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். எனக்கு எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி. ஆஸ்பத்திரி பில்லை என் கணவர் வரைபடம் பார்ப்பதுபோல் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார், கட்டினார், வீட்டுக்கு வந்தோம்.

ஆனால் விஷயம் முடியவில்லை. எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்களாம், கல் பண்ணின வேலையா அல்லது அதுவா என்று. பயாப்சி என்று பேர். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றி... சரி, அந்த வார்த்தை வேண்டாம்.

அந்த நாளும் வந்தது. அவர் அடையாறுக்குப் போனார். கவிதா வகுப்புக்குப் போயிருந்தாள். நான் டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அடித்தது. எடுத்தேன். காசு விழுகிற சத்தம், பின்னால் பஸ் ஹாரன். ரோட்டோர ஒரு ரூபாய் போன்.

"சரோஜா, நான்தான். கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன். ரிப்போர்ட் என்ன ஆச்சு?"

"தையல் வலிக்குதா?"

"ஐயோ, ரிப்போர்ட்டைச் சொல்லுங்க!"

"வாங்கிட்டேன். டாக்டரம்மாகிட்டயும் காட்டிட்டேன். அவங்க என்னை உக்காரச் சொன்னாங்க. தண்ணி குடிக்கச் சொன்னாங்க." காசு தீரப்போகிறதென்று லைனில் பீப் பீப் என்று கேட்டது. "சரோஜா... ஒண்ணு..."

கட்.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒண்ணு. ஒண்ணுமில்லை என்று சொல்ல வந்தாரா? ஒண்ணு சொல்லணும் என்று சொல்ல வந்தாரா? இரண்டுக்கும் ஆரம்பம் அதேதான். குரலை வைத்துச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டியவள் நான். அந்தக் குரலை மறுபடி மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நிரப்ப முடியவில்லை. கொஞ்ச நேரத்தில், நிரப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாதி வார்த்தையைப் பாதியாகவே மடியில் வைத்துக்கொண்டேன். ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன். அங்கே அவர் எந்தப் பெட்டிக்கடையில் சில்லறை கேட்டு நிற்கிறாரோ. மூச்சு உள்ளே வந்தது, வெளியே போனது. கீழே மாமி வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சிலிண்டர் நினைப்பு வந்தது, போனது. கவிதா நினைப்பு வந்தது, கொஞ்சம் நின்று அதுவும் போனது. பயம் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மூச்சு வந்தது, போனது.

மறுபடி அடித்தது.

காசு விழுந்தது. அவர் பேசவில்லை. முதலில் மூச்சுதான் விட்டார், நீளமாக, அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும். நான் குறுக்கே பேசவில்லை. முழுசாக அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணுமில்லடி" என்றார். "வெறும் கல்லுதான்."